இரண்டு கம்பங்களுக்கு நடுவே

என் முகத்தை முதன்முதலில் பேனரில் அச்சடித்தவர் அவர்தான். அப்போது எனக்குப் பரீட்சை முடிவே வந்திருக்கவில்லை.

நிர்வாக சேவைக்கான நேர்முகத் தேர்வை முடித்துக்கொண்டு கொழும்பிலிருந்து ரயிலேறி, நானுஓயாவில் இறங்கி, வேன் பிடித்து, எங்கள் தோட்டத்துப் பாதை பிரியும் சந்திக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே என் முகம் காற்றில் உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழக அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். ‘நிர்வாக சேவைக்குத் தெரிவான எமது தோட்டத்தின் முதலாவது புதல்விக்கு வாழ்த்துக்கள்’ என்று கீழே சிவப்பு எழுத்து. கையில் கத்தி இருந்திருந்தால் அந்த இடத்திலேயே கயிற்றை அறுத்திருப்பேன்.

ஆனால் பேனருக்குக் கீழே அப்பா நின்றுகொண்டிருந்தார். வெளுத்த சட்டை, படிய வாரிய தலை. வேலை முடிந்து போகிறவர்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். வேலைகளை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாகூட மோட்டார் சைக்கிளை நிறுத்தி அப்பாவிடம் பேசினார். அந்த மனிதர் அப்பாவிடம் வேலை ஏவுவதைத் தவிர வேறெதற்கும் நின்று பேசி நான் பார்த்ததில்லை.

இந்த வேலையைச் செய்தவர் சற்றுத் தள்ளிக் கடை வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். நேரே அவரிடம் போனேன்.

“அண்ணே, ரிசல்ட்டே வரல. என்னண்ணே இப்பிடிப் பண்ணிட்டீங்க?”

“வரும் தங்கச்சி. வாழ்த்த முதல்லயே கட்டிட்டா அது வந்தே ஆகணும்.”

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. தெரிவாகியிருந்தேன். அந்த மூன்று வாரமும் நான் சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. தெரிவாகாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று பிறகொரு நாள் அப்பாவிடம் கேட்டேன். “அதான் வந்துருச்சே” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்தார். அதற்கு மேல் அவரால் யோசிக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். என்னால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

பேனர் கட்டிய அந்த அண்ணனின் பெயரை எழுதப்போவதில்லை. மலைநாட்டு அரச அலுவலகங்களில் வேலை பார்க்கும் எங்கள் ஆட்களுக்குப் பெயர் இல்லாமலே விளங்கிவிடும். பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகம் படித்ததில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர். மெலிந்த உடம்பு. அடை மழைக்கும் ஏப்ரல் வெயிலுக்கும் ஒரே தவிட்டு நிற ஸ்வெட்டர். அதன் பையில் தையல்காரர்கள் வைத்திருப்பதைப் போன்ற ஒரு டேப் சுருண்டு கிடக்கும். யாருக்காவது பதவி வரப்போகிறது என்று அவர் மனதுக்குப் பட்டால், அந்த ஆளின் ஊர்ச் சந்திக்குப் போய் இரண்டு கம்பங்களுக்கு நடுவே டேப்பைப் பிடித்து அளப்பார். அதைப் பார்த்தவர்கள் ஊருக்குள் சொல்லிவிடுவார்கள். சம்பந்தப்பட்ட ஆளுக்குக் கடைசியாகத்தான் தெரியவரும்.

ஹட்டனில் பேனர் அடித்துக் கொடுக்கும் கடை ஒரு முஸ்லிம் நானாவுடையது. ஒருமுறை அலுவலக வேலையாக அங்கே போயிருந்தபோது நானா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“ஒங்கட அண்ணன் எல்லாத்தையும் முன்கூட்டியே அடிச்சிட்டுப் போயிருவாரு மிஸ். நானும் கேப்பேன், நடக்காட்டி என்ன செய்வீங்கன்னு. இத்தன வருஷத்துல ஒரு பேனர் திரும்பி வரல்ல.” சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “எனக்கே சில நேரம் பயமா இரிக்கி.”

இத்தனைக்கும் அவர் நிர்வாக சேவைப் பரீட்சையில் மூன்று முறை தோற்றவர். வயது கடந்துவிட்டது. பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலைக்கு வந்தவர், அதே மேசையில் அப்படியே இருந்தார். முதல் தடவை விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்து வாங்கத் தோட்டத்து ஆபீசுக்குப் போனாராம். அங்கிருந்த கிளார்க் படிவத்தைப் படித்துவிட்டு, பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தானாம். இதை அவர் என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னார்.

“அவனுங்க சிரிக்கிறதுக்கு எடம் வெக்கக்கூடாது தங்கச்சி. பேனர் மொதல்ல ஏறிட்டா அவனுங்க வாய மூடிக்கிட்டு அண்ணாந்து பாப்பானுங்க. அவ்வளவுதான் கணக்கு.”

அதைச் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. அந்த ஒரு நாளுக்காக நான் அவரை எத்தனையோ நாட்கள் மன்னித்திருக்கிறேன்.

வருடத்துக்கு ஒருமுறை எங்கள் துறையில் படித்து வெளியேறிய மலையகப் பிள்ளைகளை ஒரு மண்டபத்தில் கூட்டுவார். சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், சோடா வாங்கி வருபவர் எல்லாம் அவரேதான். காலையில் தோட்டத்தில் பெரட்டுக் களத்தில் பெயர் வாசித்து வேலை பிரிப்பார்களே, அதேபோல மேடையில் நின்று பெயர்களை வாசிப்பார். இன்ன பிரிவிலிருந்து வந்த முதலாவது கிராம அலுவலர். முதலாவது திட்டமிடல் உத்தியோகத்தர். தூதரகத்தில் வேலைக்குப் போன முதலாவது பெண். ‘முதலாவது’ இல்லாமல் அவருக்கு ஒரு சாதனையும் இல்லை. இரண்டாவதாக வந்தவர்களுக்கும் ஏதாவது ஒரு முதலாவதைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். கிண்டல் செய்துகொண்டே போவோம். நம் பெயர் வாசிக்கப்படும்போது நெஞ்சு நிமிர்ந்துவிடும். எனக்கும் அது பிடித்திருந்தது. இதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அந்தப் பெயர்கள் எல்லாம் ஒரு பெரிய ஆல்பத்தில் இருந்தன. படம் ஒட்டுவதற்கு முன்பே கீழே பதவியை எழுதிவிடுவார். ஒருநாள் அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது டயகமப் பக்கத்துத் தம்பி ஒருவனின் படத்தைப் பார்த்தேன். ‘வெளிநாட்டுச் சேவைக்குத் தெரிவான முதலாவது தோட்டத்து இளைஞன்.’ அவன் தெரிவாகவில்லை என்பது எனக்குத் தெரியும். கடைசி நேர்முகத் தேர்வில் தள்ளிவிட்டார்கள். ஆனால் அதற்குள் கோயில் திருவிழாவில் அவனுக்குப் பொன்னாடை போர்த்தியாகிவிட்டது. ஊருக்குத் திரும்ப முகமில்லாமல் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். தீபாவளிக்கு மட்டும் டை கட்டிக்கொண்டு வருவான். அவனுடைய அம்மா, மகன் அமைச்சில் இருக்கிறான் என்று லயம் லயமாக, வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் பலகாரம் கொடுப்பாள்.

“இந்தப் படத்த எடுத்துருங்கண்ணே. பாவம் அந்தப் பையன்” என்றேன்.

“ஏன் எடுக்கணும்? என்னைக்காவது ஒருநாள் போவான்ல. அதுவரைக்கும் அங்க இருக்கட்டும்.”

ஆல்பத்தை என் கையிலிருந்து மெல்ல வாங்கி மூடினார். அதற்குப் பிறகு அதைப் புரட்டிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

நான் உதவிப் பிரதேச செயலாளராக அவர் வேலை பார்த்த அலுவலகத்துக்கே மாற்றலாகி வந்தேன். ஆட்கள் இருந்தால் மேடம், இல்லாவிட்டால் தங்கச்சி. வேலையில் அவரைக் குறை சொல்லவே முடியாது. கடிதத்தில் ஒரு பிழை வராது. மழைக்காலத்தில் எந்தத் தோட்டத்தில் எந்த லயம் ஒழுகும் என்று கேட்டால் விரல்விட்டுச் சொல்வார்.

அவருடைய சொந்தத் தோட்டத்தில் ஒரு பழைய லயத்தின் ஓரம் ஆற்றுப் பக்கமாக மண் சரிந்துகொண்டு வந்தது. அங்கிருந்த இருபத்திரண்டு குடும்பங்களுக்கு மேட்டில் புது வீடுகள் கட்டினார்கள். வீடுகளை ஒப்படைக்கும் முன் மூன்று வேலைகள் முடிந்துவிட்டன என்று ஒரு படிவத்தில் நான் கையெழுத்து வைக்க வேண்டும். பாதை, குடிநீர், பிறகு வீடுகளுக்கு மேலே மழைத் தண்ணீரைத் திருப்பி ஓடைக்குக் கொண்டுபோகிற கான். மண்ணைப் பரிசோதித்தவர்கள் கானைப் பற்றி மட்டும் இரண்டு தரம் எழுதியிருந்தார்கள். கான் முடியாமல் ஆட்களை ஏற்றக்கூடாது.

திறப்பு விழாவுக்கு முதல்நாள் மத்தியானம் நான் மேலே போய்ப் பார்த்தேன். பாதை சரி. தண்ணீர் சரி. கான் ஒரு பெரிய கல்லில் முட்டி நின்றுவிட்டது. அங்கே வந்து சேரும் தண்ணீர் கடைசி வரிசை வீடுகளின் தலைக்கு மேல் மண்ணுக்குள் இறங்க வேண்டியதுதான். விழாவைத் தள்ளிவைக்கிறோம் என்று சொல்ல லயத்துக்கு இறங்கினேன்.

லயத்தில் கூரை இல்லை. தகரங்களைக் கழற்றிக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். புது வீட்டுக்குப் பின்னால் அடுப்படி இறக்கப் பழைய தகரம்தான் வேண்டும். அதனால் குடி மாறுகிறவர்கள் முதலில் செய்கிற காரியம் அதுதான். கதவுகளையும் பெயர்த்தாகிவிட்டது. சுவருக்குள் கட்டில்களும் பானைகளும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. மேற்கே கருத்துக்கொண்டு வந்தது.

“யாரு கழட்டச் சொன்னது?” என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

தகரத்தைத் தலையில் வைத்திருந்த ஒரு அக்கா நின்று திரும்பினாள். “என்ன மேடம் இப்பிடிக் கேக்குறீங்க? அதான் நீங்க கையெழுத்து போட்டுட்டீங்களே. பேனர்லயே இருக்கே.”

பாடசாலைக்கு முன்னால் இரண்டு கம்பங்களுக்கு நடுவே இருந்தது. ‘இருபத்திரண்டு குடும்பங்களைப் பாதுகாப்பான மண்ணில் குடியேற்றிய முதலாவது தோட்டத்து அதிகாரி.’ குடியேற்றிய என்றே எழுதியிருந்தார். என் முகம் இந்தமுறை நல்ல படம்.

“கான் முடியலக்கா” என்றேன்.

“அது கெடக்கு. மத்தவங்க கையெழுத்துன்னா யோசிச்சிருப்போம். இது நம்ம புள்ள கையெழுத்து தாயி.” அந்த அக்கா சிரித்துக்கொண்டே மேட்டில் ஏறினாள்.

அவர் கோப்போடு வந்து நின்றார். சுற்றிலும் ஆட்கள் இருந்தும் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். “கல்லு ஒண்ணுதான் தங்கச்சி. ரெண்டு கிழமையில ஒடச்சிருவாங்க. கீழ பாருங்க, கொழந்தைங்க நனையப் போகுது. திரும்ப அந்தத் தகரத்த ஏத்த முடியுமா? கடைசி வரிசைக்குத்தானே பயப்படுறீங்க? அதுலயும் கடைசி வீட்ட எங்கம்மாவுக்கு எடுத்துக்கிட்டேன். நானும் அங்கதான் இருக்கப்போறேன். எனக்கு ஒங்க மேல நம்பிக்க இருக்கு.”

கோப்பை முழங்கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவருடைய பேனையைக் கொடுத்தார். முதல் துளி தாளின் மேல் விழுந்தது. நான் கையெழுத்து வைத்தேன். யாரும் என் கையைப் பிடித்து வைக்கவில்லை. மழை, குழந்தைகள், தகரம் என்று பிறகு எத்தனையோ காரணங்களை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கம்பங்களுக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்த அந்த நல்ல படமும் ஒரு காரணம் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் இருபத்திரண்டு வீட்டிலும் பால் பொங்கியது. அவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். கான் அந்தக் கல்லைத் தாண்டவே இல்லை. கான் வேலையைக் குத்தகைக்கு எடுத்தவர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். நான் மூன்று கடிதம் எழுதினேன்; ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அண்ணனிடம் கேட்கும்போதெல்லாம் “வீடெல்லாம் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி” என்பார். நானும் அதைக் கேட்டு நிம்மதியடைந்து வேறு கோப்பை எடுத்துக்கொள்வேன்.

ஐந்து மாதம் போயிருக்கும். மழை விடாமல் பெய்த ஒரு கிழமை, மனம் கேட்காமல், அவருக்குச் சொல்லாமல் மேட்டுக்குப் போனேன். கடைசி வரிசையில் கடைசி வீடு. அவருடைய அம்மா கதவைத் திறந்தார். அன்று அவரும் லீவில் வீட்டில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து அடுப்படி வாசலை மறைத்தாற்போல நின்றார்.

“ஒரு பிளேன்டீ போடும்மா. இங்கயே ஒக்காருங்க தங்கச்சி.”

அவருடைய தோளுக்கு மேலாக எனக்கு என் முகம் தெரிந்தது. அடுப்படிச் சுவர் முழுக்க அந்தப் பேனரை அடித்திருந்தார்கள். தோட்டத்தில் இது புதிதில்லை. பழைய பேனர் வீணாகாது. குளிருக்குச் சுவரில் அடிப்பார்கள், விறகை மூடுவார்கள். ஆனால் அடுப்படியில் கதவும் ஜன்னலும் மூடியிருக்க, என் முகம் உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது.

நான் அவரைத் தள்ளிவிட்டுப் போய் ஆணியோடு அதைப் பிய்த்தேன். பின்னால் சுவர் மேலிருந்து கீழாகப் பிளந்திருந்தது. என் கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. ஈர மண்ணின் வாடையோடு காற்று வந்தது. பிளவின் இரண்டு பக்கமும் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் திகதி, அளவு. அலுவலகக் கடிதத்தில் எழுதுகிற அதே சுத்தமான எழுத்து. பக்கத்தில் ஒரு ஆணியில் அந்த டேப் தொங்கியது.

அவர் தினமும் காலையில் அளந்திருக்கிறார்.

“எப்பருந்து?” என்று கேட்டேன்.

“பால் காச்சின ஒம்பதாம் நாள்லருந்து.”

“ஏண்ணே என்கிட்ட சொல்லல?”

“சொன்னா எழுதணும். எழுதுனா யாரு கையெழுத்துன்னு கேப்பாங்க.” அவர் குரலில் கோபம் இல்லை, பயமும் இல்லை. கோப்பு ஒன்றை விளக்குகிறவரைப் போலப் பேசினார். “மொதல் ஆளே இப்பிடி விழுந்துட்டா அடுத்த புள்ளைக்கி அந்த நாற்காலியக் குடுப்பாங்களா? இன்னும் எத்தன வருஷத்துக்கு இதச் சொல்லியே சிரிப்பானுங்க? மழ விட்டா சிமெந்து பூசிறலாம். நீங்க பாக்காத மாதிரி போயிருங்க தங்கச்சி.”

“ஒங்கம்மா உள்ள படுக்குறாங்கண்ணே!”

அப்போதுதான் அவருடைய அம்மாவைப் பார்த்தேன். வீட்டுக்குள் செருப்புப் போட்டிருந்தார். கதவோரம் ஒரு துணி மூட்டை முடிந்து வைத்திருந்தது. பிளேன்டீ கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“ரெண்டு மாசமா ஒக்காந்துக்கிட்டேதான் தூங்குறேன் தாயி. ஊரே வாழ்த்துனதுக்கப்புறம் வீடு வெடிச்சிருக்குன்னு நான் எப்பிடிப் போயி சொல்லுவேன்? எம்மகனுக்கு மரியாத போயிருமே.”

அடுத்த இரண்டு வரிசைகளிலும் போய்ப் பார்த்தேன். மூன்று வீட்டில் வெடிப்பு. மூன்றிலும் அதன்மேல் நாட்காட்டியோ சாமிப் படமோ தொங்கியது. யாரும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அன்று மாலைக்குள் எல்லோரையும் பாடசாலைக்கு இறங்கச் சொன்னேன். யாரும் அசையவில்லை. கோயில் மைக்கை வாங்கிச் சொன்னேன்: “கான் முடியல. தெரிஞ்சேதான் கையெழுத்து போட்டேன். தப்பு என்னோடது. அந்தக் கையெழுத்த நம்பாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன், எறங்குங்க.” சொல்லும்போதே அழுதுவிட்டேன். தகரம் சுமந்த அதே அக்கா வந்து என் முகத்தைத் துடைத்தாள்.

“நம்ம புள்ளைய யாரோ மெரட்டி இப்பிடிப் பேச வெக்கிறாங்க” என்று மற்றவர்களிடம் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசியில் பொலிஸ் ஜீப் வந்துதான் அவர்களை இறக்கியது. என்னைத் திட்டாமல், பொலிஸைத் திட்டிக்கொண்டே இறங்கினார்கள்.

மூன்றாம் நாள் பகலில், பாடசாலையில் சோறு பரிமாறிக்கொண்டிருக்கும்போது மேட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய லொறி கல் கொட்டுவதைப் போல, ஆனால் நிற்காமல். வெளியே ஓடிப்போய்ப் பார்த்தோம். கடைசி வரிசை இருந்த இடத்தில் சிவப்பாக மண் இருந்தது. நடு வரிசையில் பாதி இல்லை. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு உயிரும் போகவில்லை என்பதை நம்பத் திரும்பத் திரும்ப ஆட்களை எண்ணினேன். ஒருவர் குறைந்தார். அவர்தான்.

பதறிப்போய்த் தேடினேன். பாடசாலையின் முன்பக்கத்தில் இருந்தார். மண் இன்னும் மேலே நகர்ந்துகொண்டிருந்தது. அவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கம்பங்களுக்கு நடுவே டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

“ஒரு உயிர்கூட போகலியே மேடம்” என்றார். முகமெல்லாம் கண்ணீரும் சிரிப்புமாக இருந்தது. “இப்பிடிக் காப்பாத்துன மொதல் ஆளு நீங்கதான்.”

நான் அவரைக் கண்டு பயந்தது அன்றுதான்.

விசாரணையில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். அவர் சுவரில் போட்ட கோடுகளைப் பற்றி மட்டும் எழுதவில்லை. அந்தச் சுவரும் இல்லை. என்னைக் கொழும்பில் ஒரு அலுவலகத்தின் பழைய கோப்பு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே எனக்கு ஒரு மேசை இருக்கிறது, வேலை இல்லை. தீர்ப்பு எப்போது வரும் என்றும் தெரியாது. ஊரில் என் அப்பா மீண்டும் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு சந்தியில் நிற்கிறார். ‘பதவி உயர்வு பெற்றுத் தலைநகர் சென்ற முதலாவது’ என்று அங்கே புதிய பேனர் கட்டியிருக்கிறதாம். தொலைபேசியில் அப்பாவுக்கு உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். “கண்டாக்கையா ஒன்ன ரொம்ப விசாரிச்சாரும்மா” என்றார். அப்படியே விழுங்கிவிட்டேன்.

போன மாதம் பஸ்ஸில் அந்த டயகமத் தம்பியைப் பார்த்தேன். துணிக்கடைச் சீருடையில் இருந்தான். பேனரின் படம் அவனுடைய போனுக்கும் வந்திருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்து இருக்கையில் நகர்ந்து இடம் விட்டான்.

“நீங்களுமாக்கா?” என்றான்.

நேற்றுக் காலையில் ஒரு புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் துறையில் படித்த பெண். நான் இருந்த நாற்காலிக்கு இந்தக் கிழமைதான் வந்திருக்கிறாள். அடுத்த பிள்ளைக்கு நாற்காலி கிடைக்காது என்று அவர் பயந்தாரே, கிடைத்திருக்கிறது. அதே தோட்டத்தில் கீழ்ப்பிரிவு லயத்தையும் இடம் மாற்றப் போகிறார்களாம்.

“அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. நான் இன்னும் அந்த எடத்துக்குப் போயே பாக்கல. மண்ணு ரிப்போட்டும் கைக்கு வரல. ஆனா அண்ணன் பேனர் கட்டிட்டாரு. என் போட்டோவோட. ரொம்ப நல்ல மனுசன், மனசு நோகடிக்கவும் புடிக்கல. என்ன செய்யட்டும்?”

கோப்பு அறையில் யாரும் இல்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. வாயில் ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

“கீழ்ப்பிரிவுல தகரத்தக் கழட்டிட்டாங்களா?”

போனுக்குள் அந்தப் பக்கத்து ஜன்னலில் மழை அடிப்பது கேட்டது.

“நேத்தே கழட்டிட்டாங்கக்கா.”